கேட்கீப்பர் கோமளாவும் நாலு ஓட்டை போட்ட ஹார்ட் டிஸ்க்கும்

எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே அதிகாரம் ஒரு குரூப்பின் அட்மின் பதவி. அதையும் நான் ஒழுங்காக நடத்தவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எட்டாம் வகுப்பு 'சி' பிரிவு ஒரு நாள்கூட என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. வீட்டில் மிக்ஸிகூட நான் சொன்னால் கேட்காது, என் கணவர் டேனியல் வந்து தட்டினால்தான் ஓடும். ஆனால் அந்தக் குரூப்பில் நான் 'கேட் மூடியாச்சு' என்று டைப் செய்தால் நூற்று எண்பது பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இப்படிப்பட்ட சுகம் கிடைத்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? எனக்குப் புரியவில்லை.

குரூப்பின் பெயர் 'கேட்கீப்பர் கோமளா ரசிகர் மன்றம், தாம்பரம் மற்றும் சுற்றுவட்டாரம்'. கோமளா ஒரு சீரியல். நான் கல்லூரியில் படித்த காலத்தில் மாலை ஏழரைக்கு வரும். அப்பாவின் வேலையை ஏற்று ரயில்வே கேட்டில் நிற்கும் பெண்ணின் கதை. ஒவ்வொரு நாளும் கேட் மூடும்போது எபிசோட் முடியும். கேட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார்கள். கோமளாவுக்கு மூன்று கல்யாணம் நடந்தது. முதல் மாப்பிள்ளை ஓடிப்போனான். இரண்டாவது மாப்பிள்ளை முதல் மாப்பிள்ளையின் இரட்டைச் சகோதரன். மூன்றாவது, ஞாபகம் தப்பித் திரும்பி வந்த முதல் மாப்பிள்ளையே. (சிரிக்காதீர்கள், அப்போது நாங்கள் எல்லோரும் அழுதோம்.) முந்நூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடில், மணக்கோலத்தில் கோமளா கேட் லிவரைப் பிடித்துக்கொண்டிருக்க, தூரத்தில் ரயில் வர, சீரியலை நிறுத்திவிட்டார்கள். ரயில் வந்ததா, யார் செத்தார்கள், ஒன்றும் தெரியாது. எங்களில் பலருக்கு அன்றைக்கு நின்ற மூச்சு இன்னும் சரியாக வரவில்லை.

இந்தச் சீரியலை முழுதாகப் பதிவு செய்து வைத்திருந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அனகாபுத்தூர் ஜெயா அக்கா. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரில் இருந்த தம்பி வாங்கித் தந்த சின்ன வீடியோ கேமராவை ஸ்டூலில் வைத்து, டிவியை நோக்கித் திருப்பி, தினமும் பதிவு செய்தார். அதனால் கோமளாவோடு சேர்ந்து ஜெயா அக்கா வீட்டு ஃபேன் சத்தம், குக்கர் விசில், மாடியில் யாரோ அம்மி அரைப்பது எல்லாம் பதிவாகிவிட்டன. முக்கியமாக ஜெயா அக்காவின் குரலும். நாற்பதாவது எபிசோடில் முதல் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும்போது, கேமராவுக்குப் பின்னாலிருந்து தெளிவாகக் கேட்கும்: "நம்பாதம்மே கோமளா. அவன் மூஞ்சே சரியில்ல." எங்கள் குரூப்பில் அந்த வசனத்துக்குக் கோமளாவின் வசனங்களைவிட மதிப்பு அதிகம்.

ஜெயா அக்காவின் கேசட்டுகளை டேனியல் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினார். நல்ல வேளை. அடுத்த மழையில் அடையாற்றுத் தண்ணீர் ஜெயா அக்கா வீட்டுக்குள் கட்டில் உயரம் வந்து, கேசட்டுகள் எல்லாம் சேற்றோடு போய்விட்டன. எங்கள் சேலையூர் வீட்டு பீரோவில் இருந்த டிஸ்க் மட்டும்தான் மிச்சம். அதை என்னிடம் விட்டுப் போகும்போது ஜெயா அக்கா சொன்னது ஒரே வரி. "என் வூட்டுக்கு தண்ணி வரும்மா, உன் வூட்டுக்கு வராது. நீயே வெச்சுக்கோ."

வேறு யாரிடமும் ஏன் நகல் இல்லை என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் நான்தான். அட்மினாக நான் போட்ட சட்டங்கள் மூன்று. ஒன்று, தினமும் ஏழரைக்கு நான் 'கேட் திறந்தாச்சு' என்று போட்டு ஒரு எபிசோடை ஏற்றுவேன். ஒன்பது மணிக்கு 'கேட் மூடியாச்சு' என்று போட்டு அதை அழித்துவிடுவேன். இரண்டு, யாரும் சேமித்து வைக்கக் கூடாது. தவறவிட்டவர்கள் அடுத்த சுற்று வரும் வரை காத்திருக்க வேண்டும். டிவி என்றால் அப்படித்தானே இருந்தது? மூன்று, யாரும் கதையை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. நான்காவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் "ஐயோ, இவன் இரட்டைப் பிறவியா!" என்று முதல் தடவை கேட்பது போல அதிர்ச்சி அடைவார்கள். அடையாதவர்களை நான் ஒரு வாரம் நீக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் திருட்டுப் படத்துக்கு எதிரான சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. செய்தியை நான் படிக்கவில்லை. செய்தியைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் சுற்றிய ஃபார்வர்டைப் படித்தேன். சிவப்புக் கலரில், ஆச்சரியக்குறிகளோடு, 'குரூப்பில் எவன் வீடியோ போட்டாலும் அவனுக்கும் அட்மினுக்கும் தலா மூன்று வருஷம் ஜெயில்' என்று இருந்தது. எங்கள் குரூப்பில் வீடியோ போடுவதும் நானே, அட்மினும் நானே. கணக்கு டீச்சர் அல்லவா, உடனே கூட்டிப் பார்த்தேன், ஆறு வருஷம் வந்தது.

அன்று மாலை கோமளாவுக்குக் கேட் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சுற்றறிக்கை திறந்தது. எல்லோரும் புரொஃபைல் படத்தில் கோமளாவை எடுத்துவிட்டுப் பூ, பிள்ளையார், குழந்தை ஏதாவது வைக்க வேண்டும். 'கோமளா' என்ற பெயரை எழுதக் கூடாது, 'நம்ம அக்கா' என்று சொல்ல வேண்டும். குரூப்பின் பெயரையும் மாற்றினேன். 'தாம்பரம் காய்கறிச் செடி வளர்ப்போர் சங்கம்' என்று வைத்தேன். (இரண்டு நாளில் முன்பின் தெரியாத ஏழு பேர் உள்ளே வந்து கத்திரிக்காயில் புழு விழுவதற்கு மருந்து கேட்டார்கள். அவர்களில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள்.)

குரூப்பில் சுந்தரேசன் சார் என்று ஒருவர். சிட்லபாக்கத்துக்காரர், ரிடையர்டு பேங்க் மேனேஜர். சீரியல் நின்ற இடத்திலிருந்து அவரே கதையைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். முந்நூற்றுப் பதிமூன்றில் ஆரம்பித்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டார். அவர் பயந்துபோய் எனக்கு போன் செய்து, தன் சொந்தக் கற்பனையும் திருட்டில் சேருமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அட்மினாயிற்றே. அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுங்கள் என்று உத்தரவு போட்டேன். மனிதர் சொன்னதைச் சொன்னபடி செய்பவர். கோமளா கமலாவானாள். ரயில்வே கேட் அபார்ட்மெண்ட் கேட்டானது. ரயில் தண்ணீர் லாரியானது. 'தூரத்தில் தண்ணீர் லாரி வரும் சத்தம். கமலா கேட்டைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்' என்று அடுத்த அத்தியாயம் வந்தது. வேளச்சேரியிலிருந்து ஒரு பெண், தண்ணீர் லாரி வந்தால் எதற்கு அழ வேண்டும், எங்கள் தெருவில் கை தட்டுவோம் என்று எழுதினார். வாசகர் கடிதம் அதோடு நின்றது.

இதெல்லாம் போதாது என்று, எல்லா உறுப்பினர்களிடமும் முத்திரைத்தாளில் உறுதிமொழி வாங்க முடிவு செய்தேன். முதல் பத்திரம் என்னுடையதாக இருக்கட்டும் என்று நானே எழுதி எடுத்துக்கொண்டு தாம்பரம் கோர்ட் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த நோட்டரி வக்கீலிடம் போனேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, 'மேற்படி கோமளாவின் மீது எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை' என்ற வரியை இரண்டு தடவை படித்தார்.

"கோமளாங்கிறது யாரும்மா? நாத்தனாரா? சொத்துத் தகராறா?"

"கேட்கீப்பர் சார்."

"ரயில்வே ஸ்டாஃபா?"

"சீரியல் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து, குரலைத் தாழ்த்தி, "கடைசியில அந்த ரயில் நின்னுதா இல்லையா? எங்க வீட்ல இன்னும் கேட்டுட்டே இருக்காங்க" என்றார். நான் பழக்கதோஷத்தில், கதையை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது மூன்றாவது விதி என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். அந்தக் கடுமையான திருத்தம் சினிமாவுக்கு, தியேட்டரில் திருட்டுத்தனமாகப் படம் பிடிக்கிறவர்களுக்கு, சீரியலுக்கு இல்லை. எனக்கு உயிர் வந்தது. ஆனால் காப்பிரைட் சட்டம் என்று ஒன்று பழையதாகவே இருக்கிறது, அதன்படி நீங்கள் செய்வது என்றைக்குமே தப்புதான் என்றார். வந்த உயிர் போயிற்று. அப்படியானால் எங்களைப் பிடிப்பார்களா என்று கேட்டேன். காசு வாங்காமல் பழைய சீரியல் பார்த்து அழுகிறவர்களைப் பிடிக்க யாருக்கும் நேரம் இல்லை, ஆனால் பிடிக்கவே மாட்டார்கள் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது, சொந்தக்காரர்களிடம் போய் அனுமதி கேளுங்கள் என்றார். அனுமதி கேட்பது என்ற எளிய யோசனை என் காதில் ஏறவில்லை. 'எழுதிக் கொடுக்க முடியாது' என்பது மட்டும் ஏறியது.

அன்று வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். உள்ளே கறுப்பு நிறத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றில் 'கோமளா' என்று லேபிள். இன்னொன்றில் 'கல்யாணம்' என்று லேபிள். அது எங்கள் கல்யாண வீடியோ. போலீஸ் வந்து பீரோவைத் திறந்தால் முதலில் எதை எடுக்கும் என்று யோசித்தேன். உலகத்தில் எந்தப் போலீஸ்காரரும் உட்கார்ந்து பார்க்க விரும்பாத ஒன்று உண்டென்றால் அது அடுத்தவர் கல்யாண வீடியோதான். ஆகவே லேபிள்களை உரித்து மாற்றி ஒட்டினேன். கோமளாமேல் 'கல்யாணம்', கல்யாணத்தின்மேல் 'கோமளா'. பொய் லேபிள் ஒட்டிவிட்டு இன்னொன்றை வெறுமனே விட்டால் சந்தேகம் வருமாம். அவ்வளவு புத்திசாலித்தனம். செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. ரகசியம் என்றால் ரகசியம்.

கல்யாண வீடியோவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். யார் விருந்தாளி வந்தாலும் என் மாமியார் காபி கொடுப்பார், அச்சு முறுக்கு கொடுப்பார், பிறகு அந்த வீடியோவைப் போடுவார். கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவர்கூட ஒரு தடவை முழுதாகப் பார்த்திருக்கிறார். அதில் நான் சர்ச்சுக்குள் நடந்து வருவேன். ஆல்டர் மேடைப் பக்கத்தில் கோட்டு சூட்டோடு நிற்கும் டேனியல் என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பிப்பார். கண்ணில் நீர் தளும்பியது என்ற மாதிரி இல்லை, விக்கி விக்கி அழுகை. வாக்குறுதி சொல்லும்போது பாஸ்டர் மூன்று தடவை நிறுத்திக் கைக்குட்டை கொடுப்பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொந்தக்காரர்கள் கூடி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டேனியல் அந்த நேரம் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்.

மூன்று வாரம் கேட் திறக்கவில்லை, வீட்டுக்கு விருந்தாளியும் யாரும் வரவில்லை. குரூப்பில் கத்திரிக்காய்ப் பேச்சு மட்டும் நடந்தது. ஜெயா அக்கா தினமும் ஏழரைக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். "இன்னிக்கி எபிசோடு கீதா, இல்லியாம்மா?" என்று கேட்பார். இல்லை அக்கா, சட்டம் சரியில்லை என்று நான் எழுதுவேன். ஒரு நாள், "டிவி போட்டா யார் யாரோ வர்றாங்க. எனக்கு பேசறதுக்கு ஆளு அவதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டிஸ்க்கு பத்திரமா கீதுல்ல?" என்று கேட்டார். பத்திரமாக இருக்கிறது என்றேன். அன்றைக்கு அது உண்மை.

அந்த வாரம் வியாழக்கிழமை, அரையாண்டுத் தேர்வுக் கண்காணிப்பில் இருந்தபோது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'வணக்கம். கேட்கீப்பர் கோமளா தொடரின் தயாரிப்பு நிறுவனத்திலிருந்து முரளிதரன். உங்களிடம் முழுப் பதிவும் இருப்பதாக அறிந்தோம். இது குறித்து நேரில் சந்திக்க வேண்டும். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வரலாமா?'

'அறிந்தோம்' என்று போட்டிருந்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. பரீட்சை எழுதிக்கொண்டிருந்த 'சி' பிரிவு அன்று தாராளமாகக் காப்பி அடித்தது, நான் கவனிக்கவில்லை. (நகலெடுப்பது குற்றம் என்று நடுங்கிக்கொண்டிருந்தவளின் கண்முன்னே அது நடந்தது.) மணி அடித்ததும் வராண்டா மூலைக்குப் போய் டேனியலுக்கு போன் செய்தேன். அவர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசர். அன்று இரண்டாவது ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தார்.

"என்னங்க, பீரோல கோமளான்னு ஒட்டின டிஸ்க்க எடுத்துட்டுப் போய் கம்பெனியில டிரில் போட்டுடுங்க."

"ஜெயா அக்காட்ட கேட்டியா?"

"கேட்டா வேணாம்பாங்க."

"அப்ப கேக்கணும்ல?"

"ஜெயிலுக்குப் போறது நான். நீங்க சட்டம் படிச்சிருக்கீங்களா?"

"நீ படிச்சியா?"

"ஃபார்வர்டு படிச்சேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். லேபிள் மாற்றியது அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் எடுத்த அதிபுத்திசாலித்தனமான நடவடிக்கையை, பயம் சுத்தமாகத் துடைத்துப் போட்டிருந்தது.

டேனியல் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து டிஸ்க்கைக் கொடுத்தபோது அதில் நாலு ஓட்டை. நாலு மூலையிலிருந்தும் சம தூரத்தில், அளவெடுத்து, ஓரத்துப் பிசிறைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். பார்சல் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பலாம் போல இருந்தது. அதைக் கையில் வாங்கியபோதுதான் ஜெயா அக்காவின் முந்நூற்றுப் பன்னிரண்டு மாலைகளை நான்தான் கொன்றேன் என்று தெரிந்தது. ஆனாலும் ஜெயில் பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

சனிக்கிழமை வந்தது. டீப்பாயின் மேல் எவர்சில்வர் தட்டில் ஓட்டை டிஸ்க், பக்கத்தில் என் முத்திரைத்தாள், சுந்தரேசன் சாரின் தண்ணீர் லாரி அத்தியாயங்கள் என்று ஆதாரங்களை வரிசையாக அடுக்கினேன். பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டோவில் ஜெயா அக்கா வந்து இறங்கினார். தயாரிப்புக் கம்பெனிக்காரர் வருவதை டேனியல் அவரிடம் சொல்லியிருக்கிறார், டிஸ்க் விஷயத்தைச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. ஜெயா அக்கா நல்ல பட்டுப்புடவை கட்டி, ஒரு பையில் மாற்றுப்புடவை, சோப்பு, சர்க்கரை மாத்திரை எல்லாம் எடுத்து வந்திருந்தார்.

"நான்தான் ரெக்கார்டிங் பண்ணேன், நீ இல்ல. வந்தா என்னிய இட்டுகினு போவட்டும்" என்று சொல்லி, சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்ச் சும்மா ஒரு டம்ளரைக் கழுவினேன்.

முரளிதரன் வந்தார். நாற்பது வயது இருக்கும், கையில் ஒரு ஃபைல், வெயிலில் வழி தெரியாமல் கேம்ப் ரோட்டில் இரண்டு சுற்று சுற்றிய களைப்பு. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். முழுப் பதிவையும் நாங்களே அழித்துவிட்டோம், ஒரு நொடிகூட மிச்சமில்லை, மேற்படி கோமளாமேல் எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று சொல்லி, தட்டை இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் நீட்டினேன். தாம்பூலத் தட்டு என்று நினைத்துக் கை நீட்டியவர், டிஸ்க்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், எங்ககிட்ட ஒரிஜினல் இல்ல" என்றார். "ஆபீஸ் கீழ்த்தளத்துல வெச்சிருந்தோம். தண்ணி வந்து எல்லா டேப்பும் போயிடுச்சு. மறுபடி ஒளிபரப்பலாம்னு கேக்குறாங்க, எங்ககிட்ட ஒரு எபிசோட்கூட இல்ல. உலகத்துலயே உங்ககிட்டதான் இருக்குன்னு கேள்விப்பட்டு, கெஞ்சிக் கேக்கலாம்னு வந்தேன்."

டேனியல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயா அக்கா எழுந்து வந்து தட்டிலிருந்து டிஸ்க்கை எடுத்தார். ஓட்டை ஒன்றில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஜுரம் வந்த அன்னிக்கிகூட விடாம எடுத்தேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "பரவால்லம்மா. நீ பயந்துட்ட" என்றார்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. எந்தப் போலீஸும் வரவில்லை, எந்த நோட்டீஸும் வரவில்லை, எந்தச் சட்டமும் என் வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை. எல்லாவற்றையும் நானே முன்வந்து செய்து முடித்திருந்தேன். அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதேன்.

இந்தச் சமயத்தில் என் மாமியார் காபியோடு வந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், நடந்தது எதுவும் தெரியாது. விருந்தாளி வந்திருக்கிறார், மருமகள் அழுகிறாள், மகன் ஜன்னலைப் பார்க்கிறான். காபியைக் கொடுத்தார், அச்சு முறுக்கை வைத்தார். பிறகு வழக்கப்படி பீரோவைத் திறந்து, 'கல்யாணம்' என்று லேபிள் ஒட்டிய டிஸ்க்கை எடுத்து டிவியில் சொருகினார்.

"சார் நம்ம வீட்டுக் கல்யாணத்தைப் பாத்துட்டுப் போகட்டும். இவன் என்னமா அழுவான் தெரியுமா" என்றார் முரளிதரனிடம்.

டிவியில் ரயில் கூவியது.

தண்டவாளத்தின் ஓரமாகக் கொடியோடு கோமளா நடந்து வந்தாள். பின்னால் ஜெயா அக்கா வீட்டுக் குக்கர் மூன்று விசில் விட்டது. முரளிதரன் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு எழுந்தார். ஜெயா அக்கா "கோமளா" என்று கத்திவிட்டு, டிவி பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமியார் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்து, "இது நம்ம சர்ச் இல்லையே. என் மருமக ஹெலன் எங்க? இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு லேபிள் ஞாபகம் வந்தது. டேனியல் மெதுவாகத் திரும்பி ஓட்டை டிஸ்க்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கல்யாண வீடியோ எடுத்தவர் எப்போதோ கடையை மூடிவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டார். அவர் தந்த சிடி பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. அந்த டிஸ்க்கைத் தவிர உலகத்தில் வேறு நகல் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டேனியல், "சரி விடு, என்ன பண்றது" என்று பெருமூச்சு விட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. தெரிந்தேதான் செய்தாரா என்று என் நாத்தனார்கள் இன்றுவரை விசாரிக்கிறார்கள். எனக்குத் தெரியும், தெரியாமல்தான் செய்தார். ஆனால் தெரிந்த பிறகு வருத்தப்படவும் இல்லை.

மாமியார் ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆல்பம் இருக்கிறதே அத்தை என்று சமாதானம் சொன்னேன். ஆல்பத்தில் அழுகைச் சத்தம் கேட்காதே என்றார்.

தயாரிப்புக் கம்பெனி, டிஸ்க்கை நகலெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்தது. கோமளா அவர்களுடைய சொந்த சேனலில் இணையத்தில் மறுபடி வந்தாள். படத்தைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கியிருந்தார்கள். ஆனால் ஜெயா அக்காவின் குரலைப் பிரித்தெடுக்க முடியவில்லையாம், வசனத்தின் மேலேயே இருந்ததால். ஆகவே அதிகாரபூர்வமான கோமளாவிலும் நாற்பதாவது எபிசோடில் 'நம்பாதம்மே' கேட்கிறது. ஜெயா அக்கா பெருமையில் அந்த அரை நிமிஷத்தை மட்டும் வெட்டித் தன் இணையப் பக்கத்தில் போட்டார். மறுநாள் எங்கள் மன்றத்தின் சரித்திரத்திலேயே முதல் நோட்டீஸ் வந்தது. பிறர் உரிமையுள்ள ஒலியைப் பயன்படுத்தியதால் உங்கள் வீடியோ நீக்கப்பட்டது என்று. "என் குரலு எனக்கே சொந்தம் இல்லியா? இன்னா பேஜாருடா இது" என்று ஜெயா அக்கா முரளிதரனுக்கு போன் செய்தார். அவர் மிகவும் வருந்தி, அதை மெஷின்தான் கண்டுபிடித்து நீக்குகிறது, நாங்கள் சொன்னாலும் கேட்காது என்றார். மன்றத்துக்கு மட்டும் தினமும் ஒரு எபிசோட் போட்டுக்கொள்ள எழுத்தில் அனுமதிக் கடிதம் தந்தார். அதை வாங்க நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் ஒரே ஒரு முறை கேட்பதுதான். நோட்டரி வக்கீல் அன்றைக்கே சொன்னார்.

இப்போது ஆறாவது சுற்று ஓடுகிறது. கத்திரிக்காய் ஆட்கள் மூன்று பேரும் இரட்டைச் சகோதரனுக்காக அழுகிறார்கள். டிஸ்க்குக்கு ஐந்து வீட்டில் நகல் இருக்கிறது. என் இரண்டாவது சட்டத்தை நானே ரத்து செய்தேன்.

எங்கள் வீட்டில் விருந்தாளிகள் வந்தால் மாமியார் இன்னும் காபி கொடுக்கிறார், அச்சு முறுக்கு கொடுக்கிறார், டிஸ்க்கையும் சொருகுகிறார். அதன்மேல் லேபிள் இன்னும் 'கல்யாணம்' என்றுதான் இருக்கிறது. எங்கள் கல்யாணம் இல்லாததால் கோமளாவின் முதல் கல்யாணத்தைப் போடுகிறார். "இவளுக்கு மூணு இருக்கு, என் புள்ளைக்கு ஒண்ணுகூட இல்ல" என்று ஒரு குத்து விட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். எங்கள் மகள் அந்த மணப்பெண்தான் அம்மா என்று ஆறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் கல்யாண நாளுக்கும் அதையேதான் பார்த்தோம். ஜெயா அக்காவும் வந்திருந்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். டிவிக்குள்ளிருந்தும் சோபாவிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. "நம்பாதம்மே கோமளா. அவன் மூஞ்சே சரியில்ல."

டேனியல் மொட்டை மாடிக்கு ஓடாமல் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார். முறுக்கைக் கடித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு வருஷமும் சொல்வதை இந்த வருஷமும் சொன்னார்.

"நான் அன்னிக்கு அவ்வளவு அழுதேன். எனக்கு இதச் சொல்ல ஒருத்தர்கூட இல்ல பாரு."